டர்பன் துறைமுகச் சேற்றில் நுண்பிளாஸ்டிக்: எங்கே எடுப்பது, எப்படி எண்ணுவது?

நெய்தல், புளஃப், டர்பன்

எல்லோருக்கும் வணக்கம். நம் துறைமுகத் தண்ணீரிலும் அடிச்சேற்றிலும் கிடக்கும் சின்னப் பிளாஸ்டிக்கை வருடக்கணக்கில் தொடர்ந்து எண்ணி எழுதிவைக்க ஒரு சிறு குழு சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். சின்னது என்றால் 5 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ளது. கண்ணுக்குத் தெரியும் பாட்டிலையும் பையையும் பொறுக்க ஆட்கள் இருக்கிறார்கள். இதைப் பார்க்க ஆள் இல்லை.

நம் ஊர் விஷயம் இது என்பதற்கு ஆதாரம் ஏற்கெனவே உண்டு. குவாசுலு-நடால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் கரையில் ஐந்து கழிமுகங்களின் சேற்றை எடுத்துப் பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள். அதில் மோசமானது நம் துறைமுகம்தான். துறைமுகத்தின் உள்கோடியில் இருக்கும் பேஹெட் கால்வாய்ப் பக்கத்தில் அரை லிட்டர் சேற்றுக்குச் சராசரியாக 745 துகள்கள். டர்பனை விட்டு விலக விலக எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது.

அதன் பிறகு 2017 அக்டோபர் 10 புயல். துறைமுகத்துக்குள்ளேயே ஒரு கப்பல் கயிறறுத்துக்கொண்டு நகர்ந்து, கன்டெய்னர்கள் தண்ணீரில் விழுந்து, 49 டன் நர்டில் கொட்டியது. பிளாஸ்டிக் சாமான் வார்ப்பதற்கு முன் மூலப்பொருளாக வரும் அந்த வெள்ளை உருண்டைதான் நர்டில். ஒன்றின் எடை 20, 25 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 200 கோடி உருண்டை. அது தெற்கே கேப் கரை வரை ஒதுங்கியது. அப்புறம் 2022 ஏப்ரல் வெள்ளம். உம்பிலோ, உம்லதுசானா ஆறுகள் கொண்டுவந்து தள்ளிய குப்பையில் துறைமுகத் தண்ணீரே பல இடங்களில் மறைந்துபோனது.

இத்தனை நடந்த பிறகு அந்தச் சேறு இன்று எப்படி இருக்கிறது? 1860-ல் ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோரை இறக்கிய வளைகுடா இது. தெரிந்துகொள்ளும் உரிமையும் பொறுப்பும் நமக்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இடம், முறை, ஆள் மூன்றுக்கும் யோசனை சொல்லுங்கள்.

தூண்டில், சாட்ஸ்வொர்த்

நல்ல எண்ணம்தான் தம்பி. ஆனால் எனக்கு ஒரு கேள்வி. எண்ணி என்ன ஆகப்போகிறது? ஒரு சனிக்கிழமை நாற்பது பேர் வந்தால் நாற்பது மூட்டை குப்பையாவது கரையேறும். அதே நாற்பது பேரை உட்காரவைத்துச் சேற்றில் துகள் பொறுக்கச் சொன்னால் கடல் அப்படியேதான் இருக்கும். முதலில் அள்ளுவோம், எண்ணுவதைப் பல்கலைக்கழகத்தார் பார்த்துக்கொள்வார்கள்.

நெய்தல், புளஃப், டர்பன்

அண்ணா, அள்ள வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் சேற்றுக்குள் போய்விட்டதை அள்ள வழியில்லை. மண்ணை அப்படியே வாரினால் நண்டும் புழுவும் கண்டல் (அலையாத்தி மர) நாற்றும் சேர்ந்து போய்விடும். மிச்சம் இருக்கும் ஒரே வழி, வருவதை வரும் இடத்திலேயே நிறுத்துவது. அதற்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும்.

எண்ணுவதன் பயன் அங்கேதான். மொத்தம் எத்தனை என்பதை விட எந்த வகை எத்தனை என்பது முக்கியம். உருண்டையாக நர்டில் இருந்தால் கன்டெய்னர், கிடங்கு, வார்ப்புத் தொழிற்சாலை ஆகியவற்றின் வாசலைப் பார்க்க வேண்டும். நூல் போன்ற இழை என்றால் துணி துவைத்த கழிவுநீர், இல்லையென்றால் கயிறும் வலையும். உடைந்த சில்லு என்றால் ஆற்று வழியே வந்த பை, பாட்டில், மூடி. வண்ணப் பொருக்கு என்றால் கப்பல் பெயின்ட். கறுப்பாக, ரப்பர் மாதிரி நசுங்கினால் சாலையிலிருந்து மழைநீர் வடிகால் கொண்டுவந்த டயர்த் தேய்மானம்.

ஒரு கால்வாய் வாயில் நர்டில் மட்டும் வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறது என்று கையில் கணக்கு இருந்தால், வடிகாலில் தடுப்புச் சல்லடை போடுங்கள் என்று மாநகராட்சியிடம் பெயர் சொல்லிக் கேட்கலாம். கணக்கு இல்லாமல் போனால் கூட்டத்தில் தலையாட்டிவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

புதுவரவு, உம்ஹ்லாங்கா

நான் கன்னியாகுமரிக்காரன், வேலைக்காக இங்கே வந்திருக்கிறேன். 2025 மே மாதம் கொச்சிக்கு வெளியே எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கியபோது எங்கள் ஊர்க் கரையிலும் இந்த உருண்டைகள் ஒதுங்கின. வீட்டில் இருந்தவர்கள் வீடியோ அனுப்பினார்கள். அதற்கு முன் 2021-ல் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல், அதில் 1,600 டன்னுக்கு மேல். அதனால் இந்த உரையாடலைப் பார்த்ததும் விட முடியவில்லை.

ஒரு சந்தேகம். தண்ணீர் எடுப்பது சுலபம்தானே? ஒரு வாளி போதும். ஏன் சேற்றையே பிடித்துக்கொண்டு நிற்கிறோம்?

கண்ணாடிக்குடுவை, வெஸ்ட்வில்

ஆய்வகத்தில் வேலை செய்கிறவள் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் அந்த நேரத்தின் கதையை மட்டும் சொல்லும். காலையில் கடல் ஏறும்போது (ஏற்றம்) எடுத்தால் ஒரு எண், மதியம் இறங்கும்போது (வத்தம்) எடுத்தால் வேறு எண், முந்தின இரவு மழை பெய்திருந்தால் இரண்டுமே வேறு. டர்பனில் நிறைநிலவு, அமாவாசை நாட்களில் தண்ணீர் இரண்டு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. அவ்வளவு தண்ணீர் உள்ளே வந்து வெளியே போகும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீரை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சேறு அப்படி அல்ல. நீரோட்டம் மெதுவாகும் இடத்தில் வண்டலோடு துகளும் படிகிறது. மேல் 5 சென்டிமீட்டரை எடுத்தால் பல மாதங்களின் கணக்கு சேர்ந்தே கிடைக்கும்.

தண்ணீரும் வேண்டும் என்றால் இரண்டு வழி. படகுக்குப் பக்கத்தில் மான்டா வலையை இழுப்பது ஒன்று. அதன் கண் 0.3 மில்லிமீட்டர் சுற்றளவில் இருக்கும். நிறைய தண்ணீரை வடிகட்டும், நர்டிலும் சில்லும் நன்றாகச் சிக்கும், ஆனால் மெல்லிய இழைகள் கண் வழியே நழுவிவிடும். இன்னொன்று, பாத்திரத்தில் மொண்டு நுண்ணிய வடிதாளில் வடிப்பது. இழை மாட்டும், ஆனால் தண்ணீரின் அளவு குறைவு என்பதால் பெரிய துகள் அகப்படுவது அதிர்ஷ்டம். ஒரே நாளில் ஒரே இடத்தில் இரண்டு முறையிலும் எடுத்தால் இரண்டு விடைகளும் பல மடங்கு வித்தியாசப்படும். இரண்டுமே சரியான விடைகள்தான், ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் கூடாது.

இதனால்தான் அலகை முதல் நாளே முடிவு செய்யச் சொல்கிறேன். நெய்தல் சொன்ன 745 என்பது அரை லிட்டர் சேற்றுக்கு. நிறைய ஆய்வுகளில் ஒரு கிலோ உலர்ந்த சேற்றுக்கு என்று கொடுப்பார்கள். பேஹெட் சேற்றில் தண்ணீர் அதிகம், மணல்திட்டில் குறைவு. காயவைத்து எடை பார்க்காவிட்டால் இரண்டையும் பக்கத்தில் வைக்க முடியாது. நாம் இரண்டு அளவையும் குறித்துவைப்போம், பழைய எண்ணோடும் ஒப்பிடலாம், மற்ற நாட்டு எண்களோடும் ஒப்பிடலாம்.

சேற்றிலிருந்து பிளாஸ்டிக்கைப் பிரிக்க உப்புக்கரைசல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 360 கிராம் சாதாரண உப்பு கரையும். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் இதன் அடர்த்தி 1.2 வரும். கலக்கி நிறுத்தினால் மணல் கீழே போகும், பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன், பாலிஸ்டைரீன் மேலே வரும். ஒன்றை மறக்கக் கூடாது: கடையில் வாங்கும் உப்பிலேயே பிளாஸ்டிக் உண்டு, அதனால் கரைசலை முதலில் வடிகட்ட வேண்டும்.

கரைநண்டு, மேடன் வார்ஃப் பக்கம்

துறைமுகத்தில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். உப்புக்கரைசலை நம்பினால் துறைமுகத்தில் பாதியைத் தவறவிடுவீர்கள். பாட்டில் பிளாஸ்டிக்கான பெட் அடர்த்தி 1.38, பிவிசியும் அந்தச் சுற்றில்தான். கப்பலடியில் பூசும் பெயின்ட்டின் பொருக்கு அதைவிடக் கனம். இவை எல்லாம் உப்புத் தண்ணீரில் மணலோடு கீழே போய்விடும். கப்பலைச் சுரண்டிப் பழுது பார்க்கும் இடத்துக்குப் பக்கத்துச் சேற்றில் சிவப்பும் நீலமுமாகப் பொருக்கு கிடப்பதை நான் கண்ணால் பார்க்கிறேன். ஜிங்க் குளோரைடு கரைசல்தான் சரி, 1.5-க்கு மேல் அடர்த்தி போகும்.

கண்ணாடிக்குடுவை, வெஸ்ட்வில்

உண்மைதான். ஆனால் ஜிங்க் குளோரைடு தோலை அரிக்கும், நீர்வாழ் உயிருக்கு விஷம், விலையும் அதிகம். பிள்ளைகள் இருக்கும் குழுவில் அதை வைத்துக்கொள்ள நான் சம்மதிக்க மாட்டேன். கடல் பிளாஸ்டிக்கை அளந்த பிறகு விஷக் கரைசலைத் தொட்டியில் ஊற்றினால் என்ன நியாயம்?

என் யோசனை: எல்லா மாதிரியும் உப்புக்கரைசலில் போகட்டும். ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஒரு பங்கு சேற்றை உறையவைத்துவிடுவோம். அதைப் பிறகு முறையான ஆய்வகத்தில் கனமான கரைசலில் போட்டு, நாம் எவ்வளவு தவறவிடுகிறோம் என்று தெரிந்துகொள்ளலாம். குறைவாக எண்ணினாலும், ஒரே அளவில் குறைவாக எண்ணினால் ஏற்ற இறக்கம் தெரியும். முறையைப் பாதியில் மாற்றினால்தான் எல்லாம் போச்சு.

மெரெபேங்க் மலர்

நீங்கள் பேசுவது பாதி புரிகிறது, பாதி புரியவில்லை. எனக்கு இரண்டே விஷயம்தான். ஒன்று, துறைமுகத்தில் பிடித்த மடவை எங்கள் தெருவுக்கு விற்க வருகிறது. அதைச் சாப்பிடலாமா? இரண்டு, பிள்ளைகளை அந்தச் சேற்றில் இறக்குவது பத்திரமா? வெள்ளத்துக்குப் பிறகு சாக்கடை கலந்து கடற்கரையையே மூடிவைத்திருந்தார்களே.

நெய்தல், புளஃப், டர்பன்

அக்கா, இரண்டுமே கேட்க வேண்டிய கேள்விகள்.

மடவையைப் பற்றி நம் துறைமுகத்திலேயே ஆய்வு நடந்திருக்கிறது, 2016-ல் வெளியானது. வெட்டிப் பார்த்த மீன்களில் 73 சதவீதத்தின் குடலில் பிளாஸ்டிக், மீனுக்குச் சராசரி 3.8 துகள், அதில் பாதிக்கு மேல் இழை. மடவை சேற்றை வாய் நிறைய எடுத்து, பாசியை வடித்துத் தின்னும் மீன். சேற்றில் இருப்பது வயிற்றுக்குப் போகாமல் எப்படி? எண்ணியது குடலுக்குள் இருந்ததை. நாம் குடலை எடுத்து எறிந்துவிட்டுத்தான் சமைக்கிறோம், அதனால் அந்தத் துகள்கள் சட்டிக்கு வருவதில்லை. குடலோடு முழுசாகத் தின்னும் சிப்பிக்கு இந்தக் காப்பு இல்லை. துறைமுகத்துக்குள் பாறையில் ஒட்டும் சிப்பியை நான் வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டேன், அதற்குப் பிளாஸ்டிக் மட்டும் காரணம் இல்லை, சாக்கடையும் கப்பல் கழிவும் காரணம்.

பிள்ளைகள் சேற்றில் இறங்க வேண்டாம். பெரியவர்கள் முழங்கால் வரை பூட்ஸும் கையுறையும் போட்டு எடுப்போம். கழுவிச் சலித்த பிறகு மேசையில் பொறுக்கும் வேலைக்குப் பிள்ளைகள் வரட்டும், அவர்கள் கண் நம் கண்ணை விடக் கூர்மை.

தூண்டில், சாட்ஸ்வொர்த்

மடவையைப் பற்றிப் படித்ததும் எனக்கு வேறு மாதிரி யோசனை வந்தது. சரி, நான் உங்களோடு சேருகிறேன்.

இடம் பற்றி நான் சொல்கிறேன். என் தாத்தா காலத்தில் நம் ஆட்கள் சாலிஸ்பரி தீவில் குடியிருந்து இதே வளைகுடாவில் வலை இழுத்தவர்கள். எந்த மூலையில் குப்பை சேரும் என்று வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கால்வாய்த் தண்ணீர் பேஹெட் பக்கம் மெதுவாகி, கண்டல் வேருக்குள் நுழையும். அங்கே ஏற்றம் தொட்டுப்போன கோட்டில் காய்ந்த இலை ஒரு பட்டையாகக் கிடக்கும். அந்த இலையை விரலால் விலக்கினால் அடியில் உருண்டை இருக்கும். புதிதாக வந்தது கண்ணாடி போல் வெளுப்பாக இருக்கும். நாள்பட்டது மஞ்சளோடி, டீத் தண்ணீர் நிறத்துக்கு வந்திருக்கும். ஒரு பக்கம் தட்டை, நடுவில் சின்னக் குழி. நகத்தால் அழுத்தினால் வழுக்கி ஓடும், உடையாது. மீன்முட்டை என்று நினைத்துக் கொக்கு கொத்துவதைப் பார்த்திருக்கிறேன்.

நடுவில் இருக்கும் மணல்திட்டில் இது அவ்வளவு தங்காது, நீரோட்டம் துடைத்துவிடும். ஆனால் அங்கேயும் எடுங்கள். பேஹெட்டில் மட்டும் எடுத்தால் துறைமுகம் முழுக்க அப்படித்தான் என்று ஆகிவிடும்.

கண்ணாடிக்குடுவை, வெஸ்ட்வில்

அண்ணா சொன்ன மஞ்சள் நிறத்துக்கு ஆய்விலும் மதிப்பு உண்டு. நாள்பட்ட உருண்டை தண்ணீரில் இருக்கும் டிடிடி, பிசிபி போன்ற நஞ்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். டோக்கியோவில் ஒரு ஆய்வுக்குழு 2005-லிருந்து உலகின் பல கடற்கரைகளிலிருந்து தபாலில் நர்டில் வாங்கி இதைச் சோதிக்கிறது, மஞ்சளானதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். நாமும் நிறத்தை அட்டவணையில் ஒரு தனிப் பத்தியாகக் குறித்துவைப்போம். புது உருண்டை திடீரென்று கூடினால் புதிதாக எங்கோ கொட்டியிருக்கிறது என்று பொருள்.

மணல்திட்டு யோசனையும் சரி. கூடவே மண்ணின் மணிப்பருமனையும் எழுத வேண்டும். நைசான சேறு துகளைப் பிடித்துவைக்கும், கரடுமுரடான மணல் விட்டுவிடும். அது தெரியாமல் இரண்டு இடங்களை ஒப்பிட்டால், பிளாஸ்டிக்கை ஒப்பிடாமல் மண்ணைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருப்போம்.

கரைநண்டு, மேடன் வார்ஃப் பக்கம்

இரண்டு நடைமுறைச் செய்தி.

துறைமுகம் பாதுகாக்கப்பட்ட பகுதி. பேஹெட் கண்டல் காட்டுக்கும் நினைத்தபடி போக முடியாது. துறைமுக ஆணையத்திடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் யாரும் வேலி தாண்டக் கூடாது. விண்ணப்பத்தில் தேதி, இடம், ஆள் எண்ணிக்கை, எடுக்கும் சேற்றின் அளவு எல்லாம் இருந்தால் மறுப்பது அவர்களுக்குக் கஷ்டம்.

அடுத்தது தூர்வாருதல். பெரிய கப்பல் வர ஆழம் வேண்டும், அதனால் கப்பல் வழியை அடிக்கடி வாருகிறார்கள். வாரிய இடத்தில் எடுத்த சேறு பழைய சேறா, நேற்று படிந்ததா என்று சொல்ல முடியாது. வாராத இடத்தை எடுங்கள். வாரும் நாட்களில் பக்கத்தில்கூட எடுக்காதீர்கள், கலங்கிய தண்ணீர் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டுவிடும்.

என் சொந்தக் கருத்தும் ஒன்று: நர்டிலை மட்டும் எண்ணுவோம். யாரும் அடையாளம் காணலாம், தவறே வராது. இழை எண்ணப் போனால் நம் சட்டை நூலைத்தான் எண்ணுவோம்.

கண்ணாடிக்குடுவை, வெஸ்ட்வில்

சட்டை நூல் பயம் நியாயமானது, ஆனால் அதற்கு வழி இருக்கிறது. பொறுக்கும் மேசையில் சேறே இல்லாத ஈர வடிதாள் ஒன்றைத் திறந்து வைத்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் அதில் விழுந்த இழைகளை எண்ண வேண்டும். அது காற்றிலும் உடையிலும் இருந்து வந்தது. வெறும் உப்புக்கரைசலையும் ஒருமுறை முழு வேலையும் செய்து பார்க்க வேண்டும். இந்த வெற்று மாதிரி எண்ணையும் மறைக்காமல் பக்கத்திலேயே எழுத வேண்டும். எல்லோரும் பருத்தி உடை, அதுவும் ஒரே நிறம், சிவப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புப் பருத்தி இழை தெரிந்தால் உடனே கழித்துவிடலாம். பாத்திரம் கண்ணாடி அல்லது எவர்சில்வர், மூட அலுமினியத் தாள். பிளாஸ்டிக் கரண்டியும் டப்பாவும் மேசைக்கே வரக் கூடாது.

சந்தேகமான துகளுக்குச் சூடான ஊசி. உருப்பெருக்கியின் கீழ் ஊசி நுனியைக் கிட்டே கொண்டுபோனால் பிளாஸ்டிக் சுருளும் அல்லது உருகி ஒட்டும். நண்டு ஓடும் இலைநரம்பும் அப்படிச் செய்யாது. என்ன வகைப் பிளாஸ்டிக் என்பதை அகச்சிவப்புக் கருவிதான் சொல்லும், அதற்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் துகளை எடுத்து அனுப்பினால் போதும்.

நர்டில் மட்டும் போதும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மடவைக் குடலில் பாதிக்கு மேல் இழை என்று இப்போதுதான் பேசினோம். மீன் தின்பதை நாம் எண்ணாமல் விட்டால் எப்படி?

புதுவரவு, உம்ஹ்லாங்கா

இரண்டு பேர் சொல்வதையும் சேர்த்தால் என்ன? 1 மில்லிமீட்டருக்கு மேல், 5 மில்லிமீட்டருக்குள் நிற்பதைக் குழு முழுவதும் எண்ணட்டும். நர்டில், சில்லு, பெயின்ட் எல்லாம் அதில் வந்துவிடும். 0.3-லிருந்து 1 மில்லிமீட்டர் வரை உள்ளதைக் கண்ணாடிக்குடுவை அக்காவும் பயிற்சி எடுத்த இரண்டு மூன்று பேரும் மூடிய அறையில் பார்க்கட்டும். இரண்டும் தனித்தனிப் பட்டியல். நான் அட்டவணை போட்டுத் தருகிறேன், வேலையே அதுதான்.

கரைநண்டு, மேடன் வார்ஃப் பக்கம்

இதற்கு நான் சம்மதிக்கிறேன். பெயின்ட்டுக்குத் தனிப் பத்தி வேண்டும், நிறத்தோடு.

நெய்தல், புளஃப், டர்பன்

அப்படியானால் இதுவரை பேசியதை வைத்து அனுமதி விண்ணப்பத்தை எழுதத் தொடங்குகிறேன். பேஹெட் கால்வாய் வாய், கண்டல் விளிம்பு, நடு மணல்திட்டு, துறைமுக வாய்க்கு உட்புறம் என்று நான்கு இடம். ஒப்பிட, நகர நெரிசலுக்குத் தெற்கே இலோவு கழிமுகம். ஒவ்வொரு இடத்திலும் மூன்று மாதிரி, மேல் 5 சென்டிமீட்டர். வருடத்துக்கு நான்கு தடவை, அதில் ஒன்று குளிர்கால வறட்சியில், ஒன்று கோடை மழை தொடங்கிய பிறகு. பெருமழை பெய்தால் கூடுதலாக ஒரு தடவை, ஆனால் அதை வழக்கமான வரிசையில் சேர்க்காமல் தனியாக வைப்போம். இல்லாவிட்டால் ஒரு வெள்ளம் வருடக் கணக்கையே விழுங்கிவிடும்.

முடிவு எப்படி வந்தாலும் பொதுவில் வைப்போம், குறைந்திருந்தாலும் சரி. கப்பலில் நர்டில் ஏற்றுவதற்கு 2024-ல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு வெளியிட்டது பரிந்துரை மட்டும்தான்: நல்ல பொதி, உள்ளே இருப்பது என்ன என்ற தெளிவான அறிவிப்பு, கூடுமானவரை தளத்துக்குக் கீழே அல்லது பாதுகாப்பான இடத்தில் வைப்பது. அதைக் கட்டாயமாக்கச் சொல்லிக் கேட்கிறவர்கள் கையில் டர்பனிலிருந்து ஒரு நேர்மையான கணக்கு இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

மெரெபேங்க் மலர்

எங்கள் தமிழ் வகுப்பில் பெரிய பிள்ளைகள் இருக்கிறார்கள், பெற்றோர் சம்மதத்தோடு மேசை வேலைக்குக் கேட்டுப் பார்க்கிறேன். எவர்சில்வர் சல்லடையும் பெரிய பாத்திரங்களும் கோவில் சமையலறையில் கேட்கலாமா?

கண்ணாடிக்குடுவை, வெஸ்ட்வில்

பாத்திரம் வேண்டாம் அக்கா. சாக்கடை கலந்த சேறு பட்ட பாத்திரத்தைத் திரும்பச் சமையலுக்குத் தரக் கூடாது. பழைய எவர்சில்வர் வாளி யாரிடமாவது இருந்தால் கொடுக்கச் சொல்லுங்கள், அது நிரந்தரமாக நம்மோடு இருக்கட்டும். சல்லடைக்குக் கண் அளவு சரியாக இருக்க வேண்டும், 5, 1, 0.3 மில்லிமீட்டர் மூன்றும் நான் விலை விசாரிக்கிறேன்.

தூண்டில், சாட்ஸ்வொர்த்

தேதி குறிக்கும் முன் எனக்குச் சொல்லுங்கள். அமாவாசையை ஒட்டிய நாட்களில் வத்தம் நன்றாக இறங்கும், அப்போதுதான் கால்வாய் வாயில் நின்று எடுக்க முடியும். வத்தம் முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இறங்கி, தண்ணீர் திரும்பத் தொடங்கியதும் ஏறிவிட வேண்டும், அந்தச் சேறு காலை இழுக்கும். மணல்திட்டுக்குப் படகு என் பொறுப்பு.

நெய்தல், புளஃப், டர்பன்

நன்றி அண்ணா. விண்ணப்ப வரைவை இந்த வாரக் கடைசியில் இங்கேயே போடுகிறேன். கரைநண்டு, தூர்வாரும் அட்டவணை கிடைத்தால் அதற்குள் சொல்லுங்கள், தேதியை அதைப் பார்த்து வைப்போம்.